ஒண்ணேகால் இஞ்ச் உயர்ந்த வண்டி

1. காளை இழுத்த கார்

அந்த ஸ்போர்ட்ஸ் காரை நான் முதலில் பார்த்தபோது அதை இரண்டு காளைகள் இழுத்துக்கொண்டு வந்தன.

பழனிசெட்டிபட்டி மெயின் ரோட்டை ஒட்டி எங்கள் டயர்க் கடை. முன்னால் வைக்கோல் வண்டி, அதன் அச்சில் தாம்புக்கயிறு, கயிற்றின் மறுமுனையில் தரையோடு தரையாக ஒரு சிவப்புக் கார். இரண்டே சீட்டு, மேலே கேன்வாஸ் கூரை. ஸ்டியரிங்கில் வெள்ளைச் சேலை கட்டிய ஓர் அம்மா, நெற்றியில் வியர்வையோடு, முகத்தில் மட்டும் ஒன்றுமே நடக்காத மாதிரி உட்கார்ந்திருந்தார். காளைகள் இரண்டும் அடிக்கடி திரும்பிப் பார்த்தன. இதற்கு வைக்கோல் போடுவார்களா மாட்டார்களா என்று அதுகளுக்கும் சந்தேகம் இருந்திருக்கும். ரோடு நெடுக எண்ணெய்க் கோடு.

எழுபதுகளின் கடைசி அது. எனக்கு முப்பது வயதுக்குப் பக்கம். கடையில் வீல் வேலை முழுக்க என் பொறுப்பு. இப்போது வீல் வேலைக்கு வருகிற தம்பிகள், 'பெரிய சக்கரம் போட்டா வண்டி கெத்தா இருக்கும்ல அண்ணே' என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த வைக்கோல் வண்டிதான் ஞாபகம் வருகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். கெத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

அந்த அம்மா டாக்டர் எஸ்தர். தேனி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்த குடும்பம். மலையில் எஸ்டேட் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊரைவிட்டுப் போகும்போது, இவருடைய அப்பா அந்த வண்டியை ஆசைக்கு வாங்கிப் போட்டிருக்கிறார். அப்பா இறந்தபிறகு அதைச் சீண்ட ஆளில்லை. டாக்டரம்மாதான் கோழி முட்டையிட்டிருந்த சீட்டைத் துடைத்து எடுத்து, தினமும் தேனியிலிருந்து போடி, சிலமலை வழியாகத் தேவாரத்துக்கு ஓட்டினார். அங்கே ஒரு வாடகைக் கட்டடத்தில் அவருக்குப் பிரசவ கிளினிக்.

தினமும் ஓட்டுகிற வண்டியா அது? வெள்ளைக்காரன் வழவழப்பான ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை காற்று வாங்கச் செய்த வண்டி. பதின்மூன்று இஞ்ச் சக்கரம். உட்கார்ந்தால் ரோடு இடுப்புக்குக் கீழே உரசுவது மாதிரி இருக்கும். சிலமலை தாண்டி மலையிலிருந்து இறங்கும் ஓடைக்கு ஒரு தரைப்பாலம் உண்டு. வெள்ளம் அரித்து, அதன் நடுவில் கல் துருத்திக்கொண்டு நிற்கும். இன்ஜினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் தட்டு இருக்கிறதே, சம்ப் என்போம், அது போய் அந்தக் கல்லில் மோதும். அன்றைக்கு மோதியது முதல் தடவை இல்லை.

"சம்ப்பை ஒட்டித் தர்றோம்மா. மறுபடி ஒடைஞ்சா மறுபடி ஒட்டுவோம். நாங்க எங்கன போகப்போறோம்?" என்றார் எங்கள் முதலாளி அய்யாவு. வியாபாரம் தெரிந்தவர்.

"மறுபடி ஒடையக் கூடாது" என்றார் டாக்டரம்மா. "இன்னொரு தடவை ஒடைஞ்சா அண்ணன் வண்டிய காயலான் கடைக்குப் போட்டுருவாக. தேவாரத்துக்கும் முழுக்குப் போட்டுட்டு வீட்டுல இருன்னு சொல்லிட்டாக. எனக்குச் சக்கரம் பெருசா வேணும். வண்டி ஒசரணும். எம்புட்டுப் பெருசு போடலாம்னு நீங்கதான் சொல்லணும்."

அண்ணன் என்றால் தேவசகாயம் அண்ணாச்சி. பஜாரில் அவரைத் தெரியாதவர் கிடையாது. அந்த வண்டிக்கு அவர் வைத்திருந்த பெயர் 'தகரடப்பா'.

2. சோப்புக் கட்டி

முதலாளிக்கு எப்போதும் பெரிதுதான் பிடிக்கும். "ஏலே முருகேசா, ஜீப் வீல மாட்டுடா. பதினாறு இஞ்ச். யானை மாதிரி நிக்கும்."

"யானைக்கு போல்ட் ஓட்டை அஞ்சு முதலாளி. இதுக்கு நாலு."

"ஒண்ண அடைச்சுட்டு மாட்டு."

இதுதான் எங்கள் கடையின் இன்ஜினியரிங்.

பெரிய சக்கரம் என்றதும் எல்லோரும் செய்கிற முதல் தப்பு ஒன்று உண்டு. சக்கரத்தின் குறுக்களவு இரண்டு இஞ்ச் கூடினால் வண்டியும் இரண்டு இஞ்ச் உயரும் என்று நினைப்பார்கள். உயராது. அச்சு சக்கரத்தின் நடுவில் இருக்கிறது. அதனால் பாதிதான் உயரும். மீதிப் பாதி மேலே போய் மட்கார்டுக்குள் முட்டும். முதலாளி வாடிக்கையாளரிடம் முழுசைச் சொல்லுவார், வண்டி பாதியைக் கொடுக்கும், திட்டை நான் வாங்குவேன்.

ஆகவே எவ்வளவு உயர வேண்டும் என்பதை முதலில் பார்த்தேன். சம்ப்பை ஒட்டியதும், சிலமலைக்குப் போய்த் தரைப்பாலத்தில் சக்கரம் ஓடுகிற இரண்டு தடத்துக்கும் குறுக்கே நூல் பிடித்துக் கல்லின் உயரத்தை அளந்துவந்தேன். பிறகு கடைக்குப் பின்னால் ஒரு கட்டையைப் போட்டு, சீட்டில் ஆளும் பின்னால் மண் மூட்டையும் ஏற்றி, வண்டியைக் கட்டை மேல் குதித்து இறங்க வைத்தோம். இறங்குகிற இடத்தில் நீளச் சலவை சோப்பை நிமிர்த்தி நட்டுவைப்போம். வண்டியின் வயிறு எவ்வளவு தாழ்கிறதோ அந்த மட்டத்தில் சோப்பைச் சீவிவிட்டுப் போகும். சீவின சோப்பை அளந்தால் கணக்கு வந்துவிடும். மிச்சத்தை முதலாளி வீட்டுக்கு எடுத்துப்போவார். அவர் வீட்டில் சோப்பு வாங்கி நான் பார்த்ததில்லை.

கல்லுக்கும் வயிற்றுக்கும் கணக்குப் பார்த்ததில் வண்டி ஒரு இஞ்ச் உயர்ந்தால் போதும், தப்பிக்கும்.

இப்போது சக்கரம். அம்பாசடரின் பதினைந்து இஞ்ச் வீலை வெறுமனே வைத்துப் பார்த்தேன். ஒண்ணே முக்கால் இஞ்ச் உயர்ந்தது. ஸ்டியரிங்கைப் பாதி திருப்பியதுமே டயர் மட்கார்டில் போய் உட்கார்ந்துகொண்டது.

"நேராப் போனா முட்டாதுல்ல?" என்றார் முதலாளி.

"நேராப் போனா முட்டாது. தேனியிலேருந்து நேராப் போனா மலையில முட்டலாம்."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். முதலாளி சிரிக்கவில்லை.

அது மட்டும் இல்லை. சக்கரம் பெரிதாகப் பெரிதாக வண்டிக்கு இழுவை குறையும். மேட்டில் இரண்டாவது கியரில் ஏறுகிற இடத்தில் முதல் கியர் கேட்கும். ஸ்டியரிங் கனக்கும். பிரேக் பழைய பிரேக்தான், ஆனால் அது பிடித்து நிறுத்த வேண்டிய சக்கரம் பெரிது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டுகிறவர் இதையெல்லாம் பொறுத்துக்கொள்வார். தினமும் ஓட்டுகிறவருக்குத் தோள்பட்டை போய்விடும்.

கடைசியில் பதினாலு இஞ்ச் ரிம், அதற்குச் சின்ன வேனுக்குப் போடுகிற கொஞ்சம் தடித்த டயர் என்று முடிவு செய்தேன். சக்கரம் இரண்டரை இஞ்ச் கூடும். வண்டி ஒண்ணேகால் உயரும். கல்லுக்கு ஒரு இஞ்ச், பயத்துக்குக் கால் இஞ்ச்.

"மீட்டர் நாப்பது காட்டுனா வண்டி நாப்பத்துநாலுல போகும், பாத்துக்குங்க" என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன்.

"நல்லதுதான தம்பி. கிளினிக்குக்குச் சீக்கிரம் போயிரலாம்."

3. வெட்டு

ஒரு சிக்கல் இருந்தது. பதினாலு இஞ்ச் வீலின் போல்ட் ஓட்டை இந்த வண்டிக்குப் பொருந்தாது. வீல் என்பது இரண்டு துண்டு. டயர் உட்காருகிற வளையம் ரிம். நடுவில் போல்ட் ஓட்டை உள்ள தட்டு டிஸ்க். பொருந்தாத வீலை மாட்ட இரண்டு வழி. நடுவில் ஒரு சேர்ப்புத் தகடு வைத்து மாட்டலாம். அப்படி வைத்தால் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும், மட்கார்டில் உரசும், பேரிங்கும் சீக்கிரம் போகும். இல்லையென்றால் பழைய வீலின் டிஸ்க்கை லேத்தில் வெட்டி எடுத்து, புது ரிம்மின் நடுவில் வைத்து வெல்டிங் செய்துவிடலாம். சக்கரம் அதே இடத்தில் நிற்கும். சுத்தமான வேலை. வேறு டிஸ்க் தேடினால் கிடைக்காது. அந்த ஜாதி வண்டி சுற்றுவட்டாரத்தில் அது ஒன்றுதான்.

"ஸ்டெப்னியோட சேர்த்து அஞ்சையும் வெட்டணும்மா. பழசு வெறும் வளையமாப் போயிரும்" என்றேன்.

"போகட்டும் தம்பி. அந்தச் சக்கரத்து மூஞ்சியில இனிமே முழிக்கவே வேணாம்" என்றார்.

வெட்டினோம். வெல்டிங் வைத்தபிறகு ஒவ்வொன்றையும் அச்சில் மாட்டிச் சுற்றவிட்டு, பக்கத்தில் ஓர் ஆணியை நட்டு, ஆணி முனைக்கும் ரிம்முக்கும் நடுவே வெளிச்சம் ஒரே அளவாக ஓடுகிறதா என்று பார்த்தோம். ஒன்று ஆடியது. அதைத் தட்டி நேராக்கி மறுபடி சுற்றவிட்டோம். மட்கார்டின் உள்பக்கம் முழுக்கச் சாக்பீஸைத் தேய்த்து, மண் மூட்டையை ஏற்றி, ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடித்து வண்டியை உருட்டினோம். எங்கே சாக்பீஸ் அழிகிறதோ அங்கே உரசுகிறது என்று அர்த்தம். முன்பக்கம் இடது மூலையில் ஒரு விரலளவு அழிந்திருந்தது. அங்கே தகரத்தின் விளிம்பை உள்ளே மடித்துத் தட்டினேன். மறுபடி சாக்பீஸ். இந்தத் தடவை அழியவில்லை.

நான் அந்தக் கடையில் மனசு வைத்துச் செய்தவை கொஞ்சம்தான். அதில் அந்த ஐந்து சக்கரமும் சேர்த்தி.

4. மேட்டு ட்ரையல்

எங்கள் கடையில் ஒரு வழக்கம். பெரிய வேலை பார்த்த வண்டியைப் போடிமெட்டு வரை ஏற்றி இறக்காமல் சாவி தருவதில்லை. அந்த ஏற்றத்துக்கு 'மேட்டு ட்ரையல்' என்று பெயர். வண்டிக்காரர் தரப்பில் ஓர் ஆள் பக்கத்தில் உட்கார வேண்டும். இறங்கி வந்ததும், கூட வந்தவர் கையில் முதலாளி எலுமிச்சம்பழத்தோடு சாவியை வைத்துக் கொடுப்பார். அதற்குப் பிறகு அது நொட்டை இது நொட்டை என்று யாரும் வரமுடியாது. கூடவே உட்கார்ந்து பார்த்தாயே என்று சொல்லி அனுப்பிவிடலாம். முதலாளியின் மூளைக்கு அது ஒரு சாட்சி.

குறித்த நாளில் டாக்டரம்மா வரவில்லை. தேவாரத்தில் ஒரு தலைப்பிரசவம், வலி கண்டுவிட்டது, காலை பஸ்ஸிலேயே போய்விட்டார் என்று சொல்லி அனுப்பினார். அவருக்குப் பதிலாக வந்து நின்றவர் தேவசகாயம் அண்ணாச்சி. பட்டுக்கரை வேட்டி, நீளக் குடை, ஜவ்வாது வாசனை.

"நான் வர்றேன்டா. பாதி மலையில நின்னு போச்சுன்னா சொல்றதுக்கு ஒரு ஆளு வேணும்ல?"

அண்ணாச்சி சீட்டில் இறங்கியதும் வண்டி இடது பக்கம் ஒரு கும்பிடு போட்டது. இரண்டு மண் மூட்டை வைத்துப் பார்த்தோமே, மூன்று வைத்திருக்க வேண்டும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இங்கே என் தைரியத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சக்கரம் மாட்டுவதில் நான் புலி. மாட்டின சக்கரத்தில் ஏறி மலைக்குப் போவது என்றால் பூனைகூட இல்லை. அதிலும் அந்த வண்டியில் காலை நீட்டிப் படுத்த மாதிரிதான் உட்கார வேண்டும். பாடையில் வைத்த மாதிரியே இருக்கும். நான் வெல்டிங் வைத்த இடம் ஒவ்வொன்றும் வரிசையாகக் கண்முன்னால் வந்து, 'நாங்க தாங்குவோமா முருகேசா?' என்று கேட்டது.

முந்தல் தாண்டி ஏற்றம் ஆரம்பித்தது. முதல் கொண்டை ஊசியில் ஒன்றுமில்லை. அடுத்ததிலும் இல்லை. மூன்றாவதோ நாலாவதோ, இடது பக்கம் 'கிர்ர்ர்ர்' என்று ஒரு சத்தம்.

உரசுது. டயர் கிழியப் போகுது. பக்கத்தில் பள்ளம்.

"என்னடா சத்தம்?" என்றார் அண்ணாச்சி. குரலில் ஒரு சந்தோஷம்.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி, மலைக்காத்து."

'கிர்ர்ர்ர்.'

"காத்து கீழேருந்தா வருது?"

வீரபாண்டி ஆத்தாவைக் கூப்பிட்டேன். பக்கத்தில் இருப்பவர் சர்ச்சுக்குப் போகிறவர், அவர் சாமியையும் விட்டுவிடக் கூடாது என்று, "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். பக்கத்துப் பாறையோரம் வண்டியை நிறுத்தி, இறங்கி, இடது சக்கரத்தின் முன்னால் மண்டியிட்டுத் தடவிப் பார்த்தேன். டயரில் ஒரு கீறல் இல்லை. மட்கார்டில் கை விட்டேன். நேற்றுத் தேய்த்த சாக்பீஸ் அப்படியே இருந்தது.

நிமிர்ந்து பார்த்தால், கதவு இடுக்கு வழியாக அண்ணாச்சியின் குடை வெளியே நீண்டு, அதன் இரும்பு முனை ரோட்டைத் தொட்டுக்கொண்டு இருந்தது.

"அண்ணாச்சி, குடைய உள்ள எடுத்துக்குங்க."

"ஏன்டா, மழையா வருது?"

"ஆமா அண்ணாச்சி. எனக்கு மட்டும் வருது."

அதற்குமேல் சத்தம் வரவில்லை. வண்டி ஏறியது. சிவனே என்று ஏறியது. இரண்டாவது கியரில் ஏற வேண்டிய இடத்தில் முதல் கியர் கேட்டது, கொடுத்தேன். பனி விலகி மலை திறந்துகொண்டு வந்தது. முதலில் கதவைப் பிடித்திருந்த அண்ணாச்சியின் கை, பிறகு கதவின் மேலே வந்து, முழங்கையை வெளியே வைத்துச் சாய்ந்துகொண்டது. எதிரே வந்த ஏலக்காய் லாரி டிரைவர் ஹாரன் அடித்து ஒரு சல்யூட் வைத்தான். அண்ணாச்சி திருப்பி வைத்தார்.

மேட்டில் டீக்கடை முன்னால் நிறுத்தினோம். கூட்டம் கூடிவிட்டது. கடைக்கார மலையாளத்தான் கிளாஸைக் கழுவாமலேயே வெளியே வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"கொள்ளாம் கேட்டோ! நல்ல ஒசரம். இது ஆரோட வண்டியா?"

அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டினார். பானெட்டில் கையை வைத்தார். தகரடப்பா என்று சொன்ன அதே வாய்தான்.

"நம்ம வண்டிதான்" என்றார்.

டீயில் சர்க்கரை போட்டிருந்தான் என்றுதான் நினைக்கிறேன். எனக்குக் கசந்தது.

5. சாவி

இறங்கி வந்தோம். முதலாளி எலுமிச்சம்பழத் தட்டோடு வாசலில் நின்றார்.

"முதலாளி, சாவி டாக்டரம்மாகிட்ட..." என்று ஆரம்பித்தேன்.

"ஏலே, கூடப்பொறந்தவுக கையில குடுத்தா என்னடா? சாவி என்ன பாகிஸ்தானுக்கா போகப்போகுது? மேட்டுக்கு யாரு வந்தா? வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல?"

பாகிஸ்தானுக்குப் போகவில்லை. பஜாருக்குப் போனது. பாகிஸ்தான் என்றாலாவது ஒரு மனுக் கொடுத்துப் பார்த்திருக்கலாம்.

சாயங்காலம் டாக்டரம்மா தேவாரம் பஸ்ஸில் வந்து, ரோட்டு முனையில் இறங்கி, வேகமாக நடந்துவந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "பொம்பளப் பிள்ளை தம்பி. அம்மாவும் பிள்ளையும் சௌக்கியம். எங்க என் வண்டி?"

முதலாளி உள்ளே கணக்குப் பார்க்கப் போய்விட்டார். அவசரக் கணக்கு. நான்தான் சொன்னேன்.

"ஓ" என்றார். "மேட்டுக்கு ஏறுச்சா?"

"ஏறுச்சும்மா. ஜம்முனு ஏறுச்சு."

"இடிக்கலையே?"

"இடிக்கல."

"சந்தோசம்" என்றார். அப்போது அவருக்கும் தெரியாது. அண்ணன் வீட்டுக்குத்தானே கொண்டுபோயிருக்கிறார், காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று போனார்.

காலையில் வண்டி பாத்திரக்கடை வாசலில் நின்றது. பிறகு தினமும் அங்கேயே நின்றது. அப்பா பெயரிலிருந்த ஆர்.சி. புக்கை அண்ணாச்சி எப்போதோ தன் பெயருக்கு மாற்றியிருந்தார். வண்டி இடித்துக்கொண்டு திரிந்தவரை யாருக்கும் அந்தப் புஸ்தகம் தேவைப்படவில்லை. தங்கை கேட்டதற்கு அண்ணாச்சி சொன்ன பதிலை, டயருக்குக் காற்றுப் பிடிக்கப் போனபோது என் காதாலேயே கேட்டேன்.

"இம்புட்டு நல்லா ஆக்குன வண்டிய எவனாச்சும் ஓடைக்குள்ள விடுவானா? தேவாரத்துக்குத்தான் பஸ்ஸு ஓடுதே. மருமகப்பிள்ளை வந்தா ஒரு ரவுண்டு போகணும்னு ஆசைப்படுறாக."

ஓடைக்காக உயர்த்திய வண்டி அது. நூல் பிடித்து, சோப்பு நட்டு, அந்த ஒரு கல்லுக்காக உயர்த்தியது. வண்டி இடித்துக்கொண்டிருந்தவரை டாக்டரம்மாவுடையது. இடிப்பது நின்றதும் குடும்ப வண்டி ஆகிவிட்டது.

6. ஐந்து வளையம்

டாக்டரம்மா பஸ்ஸில் போய்வந்தார். பஸ்ஸில் போய்வந்து கிளினிக் நடத்தலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாமல்.

"கடைசி பஸ்ஸுக்கு மணியப் பாத்துக்கிட்டே எப்படித் தம்பி பிரசவம் பாக்குறது? பிள்ளைக்கு பஸ் டைம் தெரியாதுல்ல?" என்றார். "அங்கனயே தங்குறேன்னா வீட்டுல விடமாட்டேங்கிறாக. பாதியில விட்டுட்டுக் கெளம்புனா, அடுத்த தடவை யாரு என்னை நம்பி வருவா?"

மழைக்காலம் வந்தது. ஒருநாள் மத்தியானம் அவர் கடைக்கு வந்தார். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். டாக்டரம்மா சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, திருட்டுக் காரியம் சொல்கிற மாதிரிக் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, ஒரு உதவி செய்வீகளா? அண்ணன் அடுத்த வாரம் வேளாங்கண்ணிக்கு ரயில்ல போறாக. அப்ப வண்டிய ஒருநாள் இங்கன தள்ளிட்டு வந்திருவேன். அந்தப் பழைய சக்கரத்தையே திரும்ப மாட்டிவிட்டுருங்க."

எனக்கு விளங்கவில்லை. "பழசா? அது இடிக்குமேம்மா?"

"இடிக்கட்டும். நல்லா இடிக்கட்டும். நம்ம பஜார்லயே பாலத்து மேட்டுல ரெண்டு தடவை இடிச்சு, அண்ணனுக்கு இடுப்பு ஒடிஞ்சு, மருமகப்பிள்ளை சட்டையில எண்ணெய் பட்டுச்சுன்னா, 'இந்தா தகரடப்பா, நீயே வச்சுக்கோ'ன்னு சாவியத் தூக்கி எறிஞ்சுருவாக. எனக்கு எங்க அண்ணனைத் தெரியும். அந்தக் கல்லுல எப்படி ஏத்தி எறக்குறதுன்னு நான் பாத்துக்கிறேன். சம்ப்பு ஒடைஞ்சா நீங்க ஒட்டிக் குடுங்க."

நான் இத்தனை வருஷத்தில் கேட்ட யோசனைகளில் அதைவிடப் புத்திசாலித்தனமான ஒன்றைக் கேட்டதில்லை. சிரித்தும்விட்டேன். சிரித்து முடிப்பதற்குள் எனக்கு லேத் பட்டறையின் சத்தம் ஞாபகம் வந்தது.

எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மலையில் பயந்தேனே, அது ஒன்றுமேயில்லை. அங்கே கூப்பிட இரண்டு சாமி இருந்தது. ஜோக்கடித்துத் தப்பிக்கிற இடமும் இல்லை இது. எழுந்துபோய்ப் பின்பக்கச் சுவரில் தொங்கிய வளையங்களில் ஒன்றை எடுத்துவந்து பெஞ்சில் வைத்தேன்.

டாக்டரம்மா அதைப் பார்த்தார். நடுவில் ஒன்றுமில்லை. தட்டு இருந்த இடத்தில் வட்டமாக ஓட்டை.

"அஞ்சுமா?"

"அஞ்சும்மா. ஸ்டெப்னியும் சேர்த்து."

"மூஞ்சியில முழிக்க வேணாம்னு நான்தான சொன்னேன்" என்றார். அந்த வளையத்தை நிமிர்த்தி வைத்து, அதன் வழியாக ரோட்டைப் பார்த்தார். ரோட்டில் தேவாரம் பஸ் போய்க்கொண்டிருந்தது. பிறகு அதை மெதுவாகப் படுக்கவைத்துவிட்டு, கையிலிருந்த துருவைச் சேலையில் துடைக்காமல் தன் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு போனார். வெள்ளைச் சேலை. அடுத்தநாள் கிளினிக்குக்கு வேண்டும்.

வெட்டி ஒட்டிய டிஸ்க்கை மறுபடி வெட்டினால் விளிம்பு குறைந்து பழைய வளையத்தில் உட்காராது என்பதால் வேறு டிஸ்க் தேடினேன். மதுரையில் கேட்டேன், கொச்சிக்குப் போகிற லாரிக்காரர்களிடம் சொல்லிவைத்தேன். இரும்புத் தகட்டில் புதிதாகக் கடையலாமா என்று லேத்காரரிடம் கேட்டதற்கு, "மலையில உருண்டா நீ பொறுப்பா?" என்றார். நான் பொறுப்பில்லை. அவ்வளவு தைரியம் இருந்திருந்தால் நான் இந்தக் குறிப்பை வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

அடுத்த கோடைக்குள் தேவாரம் கிளினிக்கின் போர்டை இறக்கிவிட்டார்கள். டாக்டரம்மா வெளியூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சம்பளத்துக்குச் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள். தேவாரத்து ஆட்கள் பிரசவத்துக்குப் போடிக்கு வண்டி பிடித்தார்கள், அந்தத் தரைப்பாலத்தின் மேலேயே.

வண்டியை மருமகப்பிள்ளை இரண்டு ரவுண்டு ஓட்டினார். ஸ்டியரிங் கனக்கிறது என்று விட்டுவிட்டார். தினமும் ஓட வேண்டும் என்று செய்த வண்டி, தார்ப்பாய் போர்த்திக் கடை வாசலில் நின்றது. டயரில் காற்று இறங்கினால் மட்டும் அண்ணாச்சி என்னைக் கூப்பிடுவார். போவேன். சொன்னதைவிடக் கொஞ்சம் கம்மியாக அடித்துவிட்டு வருவேன். ஒண்ணேகால் இஞ்சில் கால் இஞ்சையாவது திரும்ப வாங்கிவிடலாமே என்று. என் வீரம் அந்த மட்டத்தில்தான் நின்றது.

இப்போது எனக்குச் சொந்தக் கடை. பெரிய சக்கரம் கேட்டு வருகிறவர்களை நான் திருப்பி அனுப்புவதில்லை. எவ்வளவு உயர வேண்டும் என்று முதலில் அளக்கிறேன். பாதிதான் உயரும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ட்ரையலுக்கு யார் வேண்டுமானாலும் வரட்டும். ஓட்டப்போகிறவர் வந்து நின்றால்தான் சாவி. அவர் வர ஒரு வாரம் ஆனாலும் வண்டி கடையிலேயே நிற்கும். இதற்காக என்னைக் கிறுக்கன் என்பார்கள், சொல்லிக்கொள்ளட்டும்.

கெத்தைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே, தம்பிகளே. வண்டிக்குக் கெத்து வந்தால் அதற்கு நாலு சொந்தக்காரர்கள் வந்துவிடுவார்கள். அதுவரை அதைத் தள்ளிக்கொண்டு வந்தவர் பஸ் ஸ்டாண்டில் நிற்பார்.

அந்த ஐந்து வளையமும் என் கடைச் சுவரில்தான் தொங்குகின்றன. பழைய கடை மூடும்போது நான் கேட்டு வாங்கியது அது ஒன்றைத்தான். பழைய வீலை வெட்டித் தரச்சொல்லி யாராவது வந்தால், வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வரச்சொல்லுங்கள். யோசித்துவிட்டேன், அதன் மூஞ்சியில் முழிக்கவே பிடிக்கவில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னாலும் வெட்டாதீர்கள்.